மாடத்திபுரத்துக்குப் போகும் ஜீப்

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் கிளாஸ் வரைக்கும் போனேன், அதிலும் பாதி நாள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று கேட்ட படிப்பு. ஞாபகமும் இப்போது சரியில்லை. ஆளைச் சொன்னால் ஊர் மறக்கும், ஊரைச் சொன்னால் வருஷம் மறக்கும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் எதிரே நின்றால் எனக்கு வாய் திறக்காது. காகிதம் என்னைத் திரும்பிப் பார்க்காது என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

இந்த உலகத்தில் பாஸ்போர்ட் இல்லாமல், விசா இல்லாமல், கதவுக்குக் கயிறு கட்டிய ஒரு ஜீப்பில் ஊர் ஊராக வந்த ஜனங்களை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய், சாப்பாட்டு நேரத்துக்குள் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விட்ட ஆள் ஒருவர்தான். அவர் எங்கள் காந்தலூர் ஜீப் ஸ்டாண்டு மந்திரி அண்ணன்.

மந்திரி என்பது பட்டப்பெயர். லைசென்ஸில் வேறு பெயர் இருக்கிறது என்று சொல்வார்கள். வழியில் போலீஸ்காரர் லைசென்ஸை வாங்கி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார் என்று அண்ணனே பின்னால் திரும்பிப் பார்ப்பார். ஒரு நாட்டைப் பற்றி அந்த நாட்டு மந்திரியைப் போல அத்தனை உரிமையாகப் பேசுவார், அதனால் அந்தப் பெயர். எந்த நாடு என்று இனிமேல் சொல்கிறேன்.

தேயிலைக் காட்டில் முப்பத்தி மூன்று வருஷம் கொழுந்து கிள்ளி ரிட்டயர் ஆன பிறகு நான் காந்தலூரில் மகள் வீட்டுக்கு வந்தேன். வீட்டிலிருந்து ஏறினால் வியூ பாயிண்ட். அங்கே ஒரு தார்ப்பாயைக் கட்டி, இலையோடு காரட், வேகவைத்த சோளம், பால் விடாத கட்டன் சாயா விற்க ஆரம்பித்தேன். விற்க ஆரம்பித்தேன் என்று சும்மா சொல்கிறேன். கூவி விற்க எனக்கு வராது. விலை கேட்டால் விரலைக் காட்டுவேன். நிறைய நாள் காரட்டைக் கூடையோடு திருப்பித் தூக்கிக்கொண்டு இறங்கி, சாயங்காலம் மகள் வீட்டு ஆட்டுக்குப் போட்டேன். அந்த வட்டாரத்திலேயே நல்ல காரட் தின்ற ஆடு அதுதான்.

வெயில் இருந்தால் எங்கள் வியூ பாயிண்டிலிருந்து கீழே தமிழ்நாடு முழுக்கத் தெரிகிற மாதிரி இருக்கும். அமராவதி அணைத் தண்ணீர் கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னும், உடுமலைப் பக்கத்துக் காற்றாடி வரிசை சுற்றும். ஆனால் மஞ்சு ஏறிவிட்டால் போச்சு. மஞ்சு என்று நாங்கள் சொல்வது பனிமூட்டத்தை. பக்கத்தில் நிற்கிறவர் மூக்கு தெரியும், காது தெரியாது.

அதற்காக ஸ்டாண்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மஞ்சு மூடிக் காட்சி தெரியாமல் போனால், கூட்டிப்போன டிரைவரே மறுநாள் காலையில் அந்த ஆட்களைச் சும்மா ஏற்றிவந்து காட்ட வேண்டும். ‘மூடினால் மறுநாள்’ என்று ஸ்டாண்டுச் சுவரில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருக்கும். மழை மாசத்தில் டிரைவர்கள் முந்தின நாள் ஆட்களை ஏற்றியே நாளைக் கழிப்பார்கள். மந்திரி அண்ணன் மட்டும் ஒருவரைக்கூட மறுநாள் ஏற்றினதில்லை. ஏமாற்றினார் என்று நினைக்க வேண்டாம். யாரும் கேட்டதில்லை.

அது எப்படி ஆரம்பித்தது என்று நான் பார்த்தேன். அண்ணனுக்குத் ‘தெரியாது’ என்கிற சொல் வராது. மலையைக் காட்டி என்ன பெயர் என்று கேட்டால், அந்த மலைக்கே தெரியாத பெயரைச் சொல்வார். ஒரு நாள் மஞ்சில் ஒரு குடும்பம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. பெரியவர் ஒருத்தர் வெள்ளைப் பக்கமாகக் கையை நீட்டி, அங்கே என்னதானய்யா இருக்கு என்று அலுத்துக் கேட்டார். கீழே எங்கேயோ ஆட்டு மணிச் சத்தம் கேட்டது.

“அது மாடத்திபுரம்ங்க” என்றார் அண்ணன். “தனி நாடு. இன்னைக்குச் சந்தை. அந்தா, மணி கேக்குதுல்லா?”

பெரியவர் காதைக் கூர்மையாக்கினார். குடும்பமே கூர்மையாக்கியது. முக்கால் மணி நேரம் மாடத்திபுரத்துச் சந்தையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினார்கள். ஏறும்போது பெரியவர், இவ்வளவு தூரம் வந்தது வீண்போகவில்லை என்றார்.

மாடத்தி என்பது அண்ணனுடைய சம்சாரம் பெயர். மனைவி பெயரைப் பெண்பிள்ளைக்கு வைத்தவர்கள் உண்டு, வீட்டுக்கு வைத்தவர்கள் உண்டு, நாட்டுக்கு வைத்தவர் அவர்தான். அந்த நாட்டுக்கு ஒரு ராணி. அவள் எழுந்திருக்கிறதே பதினோரு மணிக்கு. அவள் கண் விழிக்கிற வரைக்கும் நாட்டில் யாரும் பாத்திரம் உருட்டக் கூடாது. இது மாடத்தி மதினி காதுக்குப் போய்விட்டது. நான் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு அடுப்புப் பத்த வைக்கேன், என் பேரை வச்சுக்கிட்டு எவளோ பதினோரு மணிக்கு எந்திரிக்காளாமே என்று அடுப்படியிலேயே பிடித்துக்கொண்டாள். அதுக்குத்தானே உன்னை ராணியாக்குனேன் என்றாராம். மதினி இதை என்னிடம் திட்டிக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் மூன்று முறை சொன்னாள்.

நாடு நாளொரு சட்டமாக வளர்ந்தது. அங்கே தேயிலைக் கொழுந்து தானாக நடந்து பாக்டரிக்குப் போகும். கங்காணிமார் வெயிலில் நிற்க, கிள்ளுகிற பெண்கள் குடை பிடித்துக்கொண்டு அவர்களைத் திட்டுவார்கள். இந்த இடம் வரும்போதெல்லாம் நான் சோளப் பாத்திரத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பேன். வெயில் ரேஷனில்தான் கிடைக்கும், கார்டுக்கு இரண்டு மணி நேரம். பஸ், பயணி தூங்கி எழுந்திருக்கிற வரைக்கும் நின்றுதான் போகும். செக் போஸ்ட் உண்டு. நம் செக் போஸ்டில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அங்கே கடிகாரம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

ஒரு காலேஜ் வாத்தியார் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டே வந்தார். நாட்டின் ஜனத்தொகை என்ன என்று கேட்டார்.

“காலையிலயா, சாயங்காலமாங்கய்யா?” என்றார் அண்ணன். வாத்தியார் இரண்டையும் எழுதிக்கொண்டார்.

எல்லாவற்றிலும் பெரிய சட்டம் பெயர்ச் சட்டம். அந்த நாட்டில் ஒரு காலத்தில் எல்லோருக்கும் முருகன் என்றே பெயர் வைத்துவிட்டார்களாம். ஒருவரைக் கூப்பிட்டால் நாடே திரும்பிப் பார்த்திருக்கிறது. ராணிக்குத் தூக்கம் கெட்டது. அன்றிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, காலையில் என்ன தின்றார்களோ அதைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். பழைய சோறு, இங்கே வா. ரெண்டு தோசை, கதவைச் சாத்து. இப்படி. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்தால், வெளியாள் என்று தெரிந்து செக் போஸ்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

செலாவணி காரட். இந்தச் சட்டம் நான் கடை போட்ட மூன்றாவது மாசம் வந்தது. மாடத்திபுரத்தில் ரூபாய் செல்லாது, காரட்டுதான் செல்லும், இங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஜீப்பை என் தார்ப்பாய்க்கு நேராக நிறுத்துவார். ஜனங்கள் சிரித்துக்கொண்டே வாங்குவார்கள். விலையை நான் விரலால் காட்டுவதற்கும் அவரே ஒரு காரணம் கண்டுபிடித்தார். “இந்த அம்மா அந்த நாட்டுத் தூதரு. வாயைத் திறந்தா வேலை போயிரும்.” வெளியூர்க்காரர்கள் எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் காரட் வாங்கினார்கள். ஆடு இளைத்தது.

ஒரே ஒரு தரம் வசமாக மாட்டினார். ராணி தேரில் வருகிறாள் என்று கையை வீசிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே காற்று அடித்து மஞ்சு பட்டென்று விலகிவிட்டது. தேரும் இல்லை, தெருவும் இல்லை. ஒரு பாறை, கொஞ்சம் புல், அதில் ஒரு மாடு. ஜீப்பில் வந்த பத்துப் பேரும் மாட்டைப் பார்த்தார்கள், பிறகு அண்ணனைப் பார்த்தார்கள்.

அண்ணன் தாடையைத் தடவினார். “நம்ம வாரது தெரிஞ்சு காலி பண்ணிட்டுப் போயிட்டாக. அவசரத்துல ஒரு மாட்டை மறந்துட்டாக.”

மற்ற டிரைவர்களுக்குப் பொறுக்கவில்லை. தாங்கள் மறுநாள் மறுநாள் என்று டீசல் எரிக்க, இவர் மட்டும் கதையை எரிக்கிறார் என்று யூனியன் செக்ரட்டரியிடம் புகார் சொன்னார்கள். செக்ரட்டரி சிரிக்காத மனிதர். நேரில் விசாரிக்கிறேன் என்று ஒரு மஞ்சு நாளில் அண்ணன் ஜீப்பின் பின்சீட்டில் ஏறி வந்தார். மேலே நின்றார், கேட்டார். போகும் முன் என் கடைக்கு வந்து கட்டன் சாயா வாங்கி, குரலைத் தாழ்த்தி, அந்த ராணிக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று விசாரித்தார். புகார் அதோடு முடிந்தது.

இனிமேல் எழுதப்போவதுதான் முக்கியம். 

போன வருஷமா, அதற்கு முந்தின வருஷமா என்று நிச்சயமில்லை. மழை விட்டும் விடாத மாசம். மீனாட்சிபுரம் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, ஏழெட்டு வயசுப் பெண்பிள்ளை தர்ஷினி. பால் மாடு வைத்திருக்கிற விவசாயக் குடும்பம். வெயில் காயட்டும் என்று காத்திருக்க அவர்களுக்கு நேரமில்லை. மறுநாள் காட்டுகிறோம் என்று ஸ்டாண்டில் சொன்னதற்கு, அந்த அம்மா, “நாளைக்கெல்லாம் ஆகாதுங்க, பக்கத்து ஊட்டுக்காரர் ஒரு நேரந்தான் கறந்து குடுப்பாரு. பொழுதோட போய்ச் சேரோணும்” என்று சொல்லிவிட்டாள். ஒரு நாள்தான் அவர்களுக்கு. மந்திரி அண்ணன் ஜீப் வரிசையில் முதலில் நின்றது. ஏற்றிக்கொண்டு வந்தார்.

மேலே சுண்ணாம்பு அடித்த மாதிரி மஞ்சு. அண்ணன் மாடத்திபுரத்தைத் திறந்துவிட்டார், ராணி, தூதர், காலையில் தின்றதைச் சொல்லிக் கூப்பிடுகிற பெயர்ச் சட்டம் எல்லாம் வந்தன. அப்பா, அம்மா சிரித்தார்கள். தர்ஷினி சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் நிஜமாகவே கேட்டுக்கொண்டிருந்தது. அங்கே பள்ளிக்கூடம் உண்டா என்றது. உண்டு, வீட்டுப்பாடம் டீச்சர்தான் எழுத வேண்டும் என்றார். கன்றுக்குட்டி உண்டா என்றது. வீட்டுக்கு வீடு உண்டு, கட்டிப்போட மாட்டார்கள் என்றார். அந்த நாட்டுக்கு எப்படிப் போகிறது என்றது. இதை இதற்கு முன் யாரும் கேட்டதில்லை. தெரியாது என்று சொல்ல அவருக்கு வராதே. “அந்தக் கரும்பாறையத் தாண்டி வழி இருக்கு பாப்பா. யாரு பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காதவுக மட்டும்தான் போக முடியும்” என்று சொல்லி வைத்தார்.

கரும்பாறைக்கு அந்தப் பக்கம் தரை இல்லை. அது எங்களுக்குத் தெரியும். வந்தவர்களுக்குத் தெரியாது.

பிள்ளை நேரே என்னிடம் வந்து இரண்டு காரட் கேட்டது. அப்பா வாங்கிக்கொடுத்த சாக்லேட்டைக் கையில் வைத்துக்கொண்டு காரட் கேட்கிறதே என்று எனக்குச் சந்தோஷம். சிறியதாக இரண்டு பொறுக்கிக் கொடுத்தேன். இலையைப் பிடித்துக்கொண்டு மஞ்சுக்குள் போயிற்று. அம்மாவிடம்தான் போகிறது என்று நினைத்தேன். அப்பா மஞ்சை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அம்மா சோளம் வாங்க என்னிடம் வந்தாள். வந்தவள், “தர்ஷி எங்கீங்க?” என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு எல்லோரும் கூப்பிட்டார்கள். அப்பா கூப்பிட்டார், அம்மா கூப்பிட்டாள், வேறு ஜீப்பில் வந்தவர்கள் இருபது பேர் கூப்பிட்டார்கள். தர்ஷினி, தர்ஷினி என்று மலையே கூப்பிட்டது. ஒரு பதிலும் இல்லை. போனில் ரேஞ்ச் இல்லை. எந்தப் பக்கம் ஓடுவது என்றும் தெரியவில்லை, ஓடுகிற ஆள் காலை வைக்கிற இடம் அவருக்கே தெரியவில்லை. மந்திரி அண்ணன் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். கத்திக் கத்திக் குரல் உடைந்து வெறும் காற்றாக வந்தது. அந்த அம்மா கையிலிருந்த சோளத்தை விடவுமில்லை, தின்னவுமில்லை, அப்படியே நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளைக்குக் கேட்கவில்லை என்பது இல்லை. கேட்கிறது. கேட்கக் கேட்கத்தான் வாயை மூடிக்கொண்டு போகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பக் கூடாது.

அண்ணன் கையைப் பிடித்து இழுத்தேன். “அண்ணே, பேரைச் சொல்லாதீக. பேர்ச் சட்டம்.”

“என்ன சட்டம்?” என்றார் அண்ணன், காற்றுக் குரலில். அவருக்கு ஞாபகமே இல்லை. நாட்டை உண்டாக்கினவர் அவர். சொன்ன கையோடு மறந்துவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்து தினமும் கேட்டுக் கேட்டுச் சட்டத்தையெல்லாம் மனப்பாடம் செய்தவள் நான்தான். பேரப்பிள்ளைகள் பெயர் மறந்துபோகிற எனக்கு, அந்த நாட்டில் செவ்வாய்க்கிழமை தபால்காரர் எந்தத் தெருவில் போவார் என்பது வரைக்கும் தெரியும்.

அவருக்குக் குரல் இல்லை. வேறு யாருக்கும் சட்டம் நினைப்பில்லை. அத்தனை வெளியூர் ஆட்கள் நின்றார்கள்.  சோளப் பாத்திரத்து மூடியை எடுத்துக் கரண்டியால் ஓங்கி ஓங்கி அடித்தேன். எல்லோரும் கூப்பிடுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள். அவர்கள் பார்க்கிறதைப் பார்த்தால் வாய் அடைத்துவிடும் என்று மஞ்சுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“காலையில இட்லி தின்ன புள்ளே! இங்கிட்டு பதில் சொல்லு!”

கூட்டத்தில் ஒருவர், கிழவிக்கு என்ன ஆயிற்று என்றார். நான் இன்னொரு முறை கூப்பிட்டேன். இட்லி, இட்லி என்று கூப்பிட்டேன். என் குரல் அத்தனை பெரியது என்று எனக்கே தெரியாது.

மஞ்சுக்குள்ளிருந்து, கொஞ்சம் கோபமாக, சின்னக் குரல் வந்தது.

“இட்லி இல்ல. பூரி.”

அந்த அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நான் உட்காரவில்லை. பிள்ளை இப்போது எங்கள் பக்கம் ஓடிவந்தாலும் ஆபத்து, அந்தப் பக்கம் ஓடினாலும் ஆபத்து. அசையக் கூடாது. அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ, என் வாயிலிருந்தே ஒரு சட்டம் வந்தது.

“பூரி, நான் தூதர் பேசுதேன். தூதர் பேசினா அந்த நாட்டுல எல்லாரும் கீழ உக்காரணும். உக்காந்தாச்சா?”

“ஆச்சு.”

“எந்திரிக்கப்படாது. புல்லை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோ.”

“காரட் இருக்குதே.”

“காரட்டைக் கீழ வையி. யாரும் எடுக்க மாட்டாக.”

மந்திரி அண்ணன் அதற்குள் குப்புற விழுந்து முழங்காலில் ஊர ஆரம்பித்திருந்தார். நான் பூரி என்று கூப்பிட வேண்டும், பிள்ளை என்ன என்று கேட்க வேண்டும், அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவர் ஊர வேண்டும். பூரி. என்ன. பூரி. என்னங்க. எத்தனை தரம் கூப்பிட்டேன் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் பிள்ளை, மந்திரி மாமா வந்துட்டாரு என்றது.

கரும்பாறைக்கு இந்தப் பக்கம் பத்தடி தள்ளி, புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்ததாம். தூக்கிக்கொண்டு வந்தார். முழங்கால் இரண்டும் கிழிந்து ரத்தம், சட்டையெல்லாம் சேறு. அம்மா கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, “பயப்படாதீங்கம்மா. ஓரத்துக்கெல்லாம் போகல. பத்தடி உள்ளதான் இருந்துச்சு, பத்தடி” என்று சொன்னார். காற்றுக் குரலில் அதை இரண்டு மூன்று தரம் சொன்னார். அந்த அம்மா மூச்சை விட்டாள். கூட்டமும் மூச்சை விட்டது. வேறு ஜீப்பில் வந்த ஒரு மனிதர் சம்பந்தமே இல்லாமல் என் சோளத்தையெல்லாம் வாங்கி எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுத்தார்.

அப்பாதான் கடைசியில் வந்தார். பொதுவாகவே பேசாத மனிதர் போலிருக்கிறது. அண்ணனுக்கு நேரே வந்து நின்று, “ஏனுங்க, எம்புள்ளைக்கு என்ன சொல்லிக் குடுத்தீங்க?” என்றார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மந்திரி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். “அப்படி ஒரு நாடே இல்லைங்கய்யா. எல்லாம் நான் விட்ட கதை” என்றார்.

அதுவரைக்கும் அழாத பிள்ளை அப்போது அழுதது. மஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தபோது அழவில்லை, அம்மா கட்டிப்பிடித்தபோது அழவில்லை. நாடே இல்லை என்றதும் அப்படி ஒரு அழுகை. அப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. திட்ட எடுத்த வாயை என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

அந்த அம்மாதான் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “இல்லைன்னு சொல்லிப்போடாதீங்க. ஊட்டுக்குப் போற வரைக்கும் அழுவா. பூட்டியிருக்குதுன்னு சொல்லிப்போடுங்க.”

அண்ணன் கிழிந்த முழங்காலோடு குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். “இன்னைக்கு லீவு பாப்பா. ராணிக்குக் காய்ச்சல். நாடு பூட்டியிருக்கு.”

பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எந்த ஊரிலாவது ராணிக்குக் காய்ச்சல் என்று நாட்டுக்கே லீவு விடுவார்களா என்று கேட்டது. அப்பா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும்தான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். பொழுது சாய்வதற்குள் மாடு கறக்கப் போய்விட்டார்கள். ஸ்டேஷனுக்கும் போகவில்லை, பஞ்சாயத்துக்கும் போகவில்லை.

அண்ணன் அன்றைக்கே செக்ரட்டரியிடம் போய் நடந்ததைத் தானே சொல்லி, என்ன தண்டனையோ கொடுங்கள் என்றாராம். அவர் முள்கம்பிச் சுருளும் கடப்பாரையும் கொடுத்து வேலி கட்டச் சொன்னார். ஸ்டாண்டு டிரைவர்கள் அத்தனை பேரும், புகார் சொன்னவர்கள்கூட, வந்து நின்று கட்டினார்கள். கரும்பாறைப் பக்கம் இப்போது ஆள் உயர வேலி.

வேலி வந்தது, நாடு போய்விட்டது. மஞ்சு நாளில் அண்ணன் ஜீப்பில் சாய்ந்துகொண்டு, ஒன்றும் தெரியாதுங்க, நாளைக்கு வாங்க என்று மற்ற டிரைவர்களைப் போலவே சொல்ல ஆரம்பித்தார். அவர் வாயில் தெரியாது என்கிற சொல்லைக் கேட்க எனக்கு என்னவோ போலிருந்தது. இரண்டு வாரம் பார்த்தேன். ஒரு நாள் கோயமுத்தூர்க்காரர்கள் எட்டுப் பேர் வெள்ளையைப் பார்த்துக்கொண்டு சாவு வீட்டில் நிற்கிற மாதிரி நின்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அத்தனை பேர் முன்னாலும் நானே கேட்டேன்: “ஏன் அண்ணே, அங்க இன்னைக்குச் சந்தை இல்லையா?”

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.  பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “சந்தையா? ராணி இன்னும் எந்திரிக்கலையே” என்றார். எட்டுப் பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

சட்டம் ஒன்றுதான் கூடியிருக்கிறது. ஜீப்பின் பம்பரில் ஒரு நீளக் கயிறு கட்டியிருக்கிறார். நாட்டைப் பார்க்க வருகிற பிள்ளைகள் எல்லோரும், சில சமயம் பெரியவர்களும், அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். கயிற்றை விட்டால் நாடு மறைந்துவிடும். ஒரு வரி பேசுவார், கயிற்றில் உள்ள தலைகளை எண்ணுவார், அடுத்த வரி பேசுவார். முக்கால் மணி நேரக் கதை இப்போது ஒன்றரை மணி நேரம் ஆகிறது.

அந்தச் சம்பவத்துக்கு மறுநாள் நல்ல வெயில் அடித்தது. வேலி கட்ட ஆள் வருவதற்கு முன் நான் தனியாகக் கரும்பாறைப் பக்கம் போனேன். புல் அழுந்தியிருந்த இடம் தெரிந்தது. இரண்டு காரட்டும் அங்கேயே இருந்தன. நின்றுகொண்டு எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை, குப்புறப் படுத்துக் கையை நீட்டித்தான் எடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன். அண்ணனிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

நான் எழுதினதில் வருஷம், மாசம், ஆள் கணக்கு எல்லாம் பிசகியிருக்கும். யாராவது தெரிந்தவர்கள் ஸ்டாண்டில் விசாரித்துச் சரிபார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். பிள்ளை உட்கார்ந்திருந்தது பத்தடி உள்ளே என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, அதை மட்டும் யாரும் போய் அளக்க வேண்டாம். அண்ணன் சொன்னபடியே இருக்கட்டும்.